அவசரத்தில் கைகொடுக்கும் ஆங்கிலம்: ஆங்கிலம் பழகும் பிள்ளைகளுக்காகப் பெற்றோரும் ஆசிரியரும் கேட்கும் கேள்விகள்

ஆங்கிலம் பேசும் ஊருக்குக் குடிபோன குடும்பங்கள், ஆங்கில வழிப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் ஆகியோருக்காக எழுதியது இது. பல வருடங்களாகச் சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். பெற்றோர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

என் மகளுக்கு ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வரும். அவசர எண்ணுக்கு அழைத்தால் அவர்களுக்குப் புரியுமா?

புரியும். எதிர்முனையில் போனை எடுப்பவர் அதற்கென்றே பயிற்சி பெற்றவர். அழுகை, அலறல், திக்கல், பாதியில் நின்றுபோன வாக்கியம் எல்லாமே அவருக்குப் பழகியவைதான். பேச்சை நடத்திச் செல்வதும் அவர்தான். அவர் கேட்பார், பிள்ளை பதில் சொன்னால் போதும். இலக்கணம் தப்பினால் ஒன்றும் ஆகாது. "மை மதர் ஃபால் டவுன், நாட் டாக்கிங்" என்று ஒரு பிள்ளை சொன்னால் ஆம்புலன்ஸ் கிளம்பிவிடும். இலக்கணத்துக்குப் பயந்து பிள்ளை போனை எடுக்காமலே நின்றுவிட்டால்தான் ஆபத்து. தப்பாகப் பேசினாலும் பரவாயில்லை, பேசு என்பதைத்தான் முதலில் சொல்லிக்கொடுங்கள்.

பிள்ளை முதலில் எதைச் சொல்ல வேண்டும்?

முகவரி. என்ன நடந்தது என்பது அதற்கு அப்புறம். லைன் பாதியில் அறுந்துவிட்டாலும் இடம் தெரிந்திருந்தால் உதவி வந்து சேரும். அமெரிக்காவில் 911-ஐ அழைத்தால் பெரும்பாலும் முதல் கேள்வியே இடத்தைப் பற்றியதுதான். பிரிட்டனின் 999-ல் எந்தச் சேவை வேண்டும் என்று முதலில் கேட்பார்கள். ஆஸ்திரேலியாவின் 000-ல் "போலீஸ், ஃபயர் ஆர் ஆம்புலன்ஸ்?" என்பார்கள். அங்கெல்லாம் "ஆம்புலன்ஸ்" என்று ஒரே வார்த்தையில் பதில் சொன்னால் போதும், அடுத்து இணைப்பில் வருபவர் இடத்தைக் கேட்பார்.

செல்போன் இருக்கும் இடம் பல நாடுகளில் தானாகவே அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஆனால் எந்த மாடி, எந்தக் கதவு என்பது பிள்ளை சொன்னால்தான் தெரியும். "தேர்ட் ஃப்ளோர், டோர் நம்பர் டூ" என்பது வரை பழக்குங்கள்.

எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லப் பழக்குவது நல்லது. 15-ஐ "ஃபிஃப்டீன்" என்று பதற்றத்தில் சொன்னால் அது 50 என்று காதில் விழும். "ஒன் ஃபைவ்" என்றால் குழப்பமே இல்லை. தெருப் பெயர் வாயில் நுழையாததாக இருந்தால் எழுத்துக்கூட்டிச் சொல்லட்டும்.

வேறு வீட்டில் இருக்கும்போது ஏதாவது நடந்தால்? அங்கே வந்த தபால் உறையிலோ பார்சல் பெட்டியிலோ முகவரி அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்து வாசிக்கலாம். வெளியே என்றால் கடைப் பலகை, பேருந்து நிறுத்தத்தின் பெயர், தெருமுனைப் பலகை என்று கண்ணில் படும் எழுத்தையெல்லாம் வாசித்தால் போதும்.

மனப்பாடம் செய்ய எத்தனை வாக்கியங்கள் போதும்?

ஆறு. அதற்கு மேல் ஏற்றினால் நெருக்கடியில் ஒன்றுமே வாயில் வராது.

"ஐ நீட் ஹெல்ப்."
"மை அட்ரஸ் இஸ்…"
"மை கிராண்ட்மா இஸ் நாட் வேக்கிங் அப்." (அந்த இடத்தில் மதர், ஃபாதர், பிரதர் என்று மாற்றிக்கொள்ளலாம்.)
"தேர் இஸ் அ ஃபயர்."
"ஐ ஆம் எய்ட் இயர்ஸ் ஓல்ட்."
"ப்ளீஸ் ஸ்பீக் ஸ்லோலி."

வயதை ஏன் சொல்ல வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். பேசுவது குழந்தை என்று தெரிந்துவிட்டால் எதிர்முனையில் இருப்பவர் சின்னச் சின்ன வார்த்தைகளுக்கு இறங்கி வருவார். கடைசி வாக்கியமும் அதற்காகத்தான். மெதுவாகப் பேசுங்கள் என்று பெரியவர்களிடம் சொல்வது மரியாதைக் குறைவு என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். இந்த இடத்தில் அப்படிச் சொல்லலாம், சொல்ல வேண்டும் என்று அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் நாங்கள் சொல்லும் "ஆங்கில" வார்த்தைகளே போதாதா?

போதாது. என் அனுபவத்தில் அதிகம் சிக்கல் வருவது இங்கேதான். நாம் தமிழோடு கலந்து பேசும் பல ஆங்கிலச் சொற்களுக்கு வெளியே வேறு அர்த்தம்.

"பாட்டிக்கு சுகர்" என்கிறோம். அதையே "ஷீ ஹாஸ் சுகர்" என்று சொன்னால் பாட்டியிடம் சர்க்கரை இருக்கிறது என்றுதான் கேட்பவருக்குப் புரியும். டயாபெடிஸ் என்ற சொல்லைப் பழக்குங்கள். "கரண்ட் அடிச்சிருச்சு" என்பதற்கு கரண்ட் என்ற சொல் உதவாது, "எலெக்ட்ரிக் ஷாக்" என்று முழுதாகச் சொல்ல வேண்டும். ஷாக் என்று மட்டும் சொன்னால் அதிர்ச்சியில் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்வார்கள். ஃபிட்ஸ் என்பது சில நாடுகளில் புரியும், சீஷர் என்பது எல்லா இடத்திலும் புரியும். "வீசிங்" இருக்கும் பிள்ளைக்கு ஆஸ்துமா என்ற பெயரும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது, தமிழில் ஒரே சொல்லாக இருந்து ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரிபவை. நாம் தோளிலிருந்து விரல் வரை மொத்தத்தையும் கை என்கிறோம். அவர்களுக்கு ஆர்ம் வேறு, ஹேண்ட் வேறு. காலும் அப்படித்தான், லெக் ஒன்று, ஃபுட் ஒன்று. மயக்கம் இன்னும் சிக்கலானது. தலை சுற்றுவதையும் மயக்கம் என்கிறோம், நினைவு தப்பி விழுவதையும் மயக்கம் என்கிறோம். முன்னது "டிஸ்ஸி", பின்னது "அன்கான்ஷியஸ்". இரண்டாவது சொல் பிள்ளை வாயில் நுழையாது. அதனால்தான் ஆறு வாக்கியங்களில் "நாட் வேக்கிங் அப்" என்று வைத்தேன்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது "அடிபட்டிருச்சு". இதை ஒரு பையன் வகுப்பில் "ஹீ காட் பீட்டிங்" என்று மொழிபெயர்த்தான். யாரோ அவனைப் போட்டு அடிக்கிறார்கள் என்று அர்த்தம் ஆகிவிடும். ஆம்புலன்ஸ் வர வேண்டிய இடத்துக்குப் போலீஸைப் பற்றிக் கேள்வி வரும். "ஹீ இஸ் ஹர்ட்" போதும். எங்கே என்று கேட்டால் தலை, வயிறு, முதுகு என்று ஒரு சொல்.

"ஹீ", "ஷீ" மாறி மாறி வருகிறது. அதனால் குழப்பம் வராதா?

வரும். அந்தச் சொற்களையே தவிர்த்துவிடலாம். ஒவ்வொரு முறையும் "மை மதர்", "மை கிராண்ட்பா" என்று உறவையே சொல்லட்டும். உறவுச் சொல்லும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். ஒத்திகையின்போது ஒரு சிறுமியிடம் "வாட் இஸ் யுவர் மதர்ஸ் நேம்?" என்று கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல் "அம்மா" என்றாள். அம்மாவுக்கு வேறு பெயர் இருக்கிறது என்பது அந்தக் கணத்தில் அவளுக்குத் தோன்றவே இல்லை. அன்றிலிருந்து எந்த வகுப்பிலும் முதல் வேலையாக அப்பா அம்மாவின் முழுப்பெயரைக் கேட்கிறேன். உங்கள் வீட்டிலும் இன்றே கேட்டுப் பாருங்கள்.

"யெஸ்", "நோ" சொல்வதில் கூடவா தப்பு வரும்?

வரும், அதுவும் உயிர் போகிற இடத்தில் வரும். "மூச்சு விடலையா?" என்று தமிழில் கேட்டால், மூச்சு இல்லை என்பதற்கு "ஆமா" என்போம். கேள்வியை ஒப்புக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் அதே கேள்வியை "ஹீ இஸ்ன்ட் ப்ரீதிங்?" என்று கேட்டால், மூச்சு இல்லை என்பதற்கு "நோ" என்பதுதான் பதில். நம் பிள்ளை பழக்கத்தில் "யெஸ்" என்றால், மூச்சு இருக்கிறது என்று அவர் எடுத்துக்கொள்ளக்கூடும்.

பிள்ளைக்கு இதை விளக்கிப் புரியவைக்க முயல வேண்டாம், பெரியவர்களே தடுமாறும் இடம் இது. யெஸ், நோ என்று தனியாக நிறுத்தாமல் முழுதாகச் சொல்லும் பழக்கம் வந்தால் போதும். "ஹீ இஸ் ப்ரீதிங்." "ஹீ இஸ் நாட் ப்ரீதிங்." இப்படிச் சொல்லும்போது ஹீ, ஷீ தப்பினாலும் பரவாயில்லை.

கூடவே, மூச்சு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்பதையும் காட்டிக்கொடுங்கள். நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை உங்கள் நெஞ்சைப் பார்க்கட்டும், அது ஏறி இறங்குகிறதா? கன்னத்தை உங்கள் மூக்கருகே கொண்டு வரட்டும், காற்று படுகிறதா? விளையாட்டாகவே கற்றுக்கொள்வார்கள். ஒரு தடவை செய்து பார்த்த பிள்ளைக்கு "ப்ரீதிங்" என்ற சொல் மறக்காது.

எதிர்முனையில் சொல்வது பிள்ளைக்குப் புரியுமா?

பேசுவதைவிடக் கேட்பதுதான் கடினம். அதிலும் இரண்டு சொற்றொடர்கள் கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். "ஹேங் ஆன்" என்றால் கொஞ்சம் இரு என்று அர்த்தம். "ஹேங் அப்" என்றால் போனை வைத்துவிடு. ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம், அர்த்தம் நேர் எதிர். அவர் பெரும்பாலும் "டோன்ட் ஹேங் அப்" என்பார், வைத்துவிடாதே என்று. இதில் "ஹேங் அப்" மட்டும் காதில் விழுந்து போனை வைத்துவிடும் பிள்ளைகள் உண்டு. அவர் "வைக்கலாம்" என்று தெளிவாகச் சொல்லும் வரை வைக்கவே கூடாது என்று ஒரே விதியாகச் சொல்லிவிடுங்கள்.

"ஸ்டே ஆன் தி லைன்", "புட் மீ ஆன் ஸ்பீக்கர்", "அன்லாக் தி டோர்", "இஸ் தேர் எனி க்ரோன்அப் வித் யூ?" ஆகிய நான்கும் அடிக்கடி வருபவை. ஸ்பீக்கர் பொத்தான் எங்கே என்று உங்கள் போனிலேயே காட்டிவிடுங்கள். மூச்சு நின்றவருக்கு நெஞ்சை அழுத்தச் சொல்லும்போது "புஷ் ஹார்ட் அண்ட் ஃபாஸ்ட்" என்பார்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும், வேகம் தப்பாமல் இருக்க அவரே "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்று எண்ணுவார். சின்னப் பிள்ளைக்கு அந்த வலு இருக்காது. ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கூட்டி வந்து போனை அவர் கையில் கொடுத்தாலே பெரிய உதவி.

எந்த எண்?

நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் 112, இந்தியாவிலும் 112. பிரிட்டனில் 999 (112 என்றாலும் இணைப்பு கிடைக்கும்). அமெரிக்காவிலும் கனடாவிலும் 911. ஆஸ்திரேலியாவில் 000, நியூசிலாந்தில் 111, மலேசியாவில் 999. சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 995, போலீஸுக்கு 999. அவசரத்துக்கென்றே ஒரு தனி எண் என்ற ஏற்பாட்டை முதலில் தொடங்கியது லண்டன், 1937-ல். அமெரிக்காவின் முதல் 911 அழைப்பு 1968-ல் அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் என்ற சிற்றூரிலிருந்து போனது.

911-ஐ "நைன் லெவன்" என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். போனில் 11 என்ற பொத்தானைத் தேடிக்கொண்டு நிற்பார்கள். "நைன் ஒன் ஒன்" என்றே பழக்குங்கள்.

தமிழில் பேச முடியுமா என்று கேட்கலாமா?

கேட்கலாம். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் அவசர மையத்திலிருந்தே தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பாளரை இணைக்கிறார்கள். "டமில், ப்ளீஸ்" என்று மொழியின் பெயரை மட்டும் சொன்னால் போதும். நாம் உச்சரிக்கும் "தமிழ்" அவர்கள் காதில் பிடிபடாது, அதனால் அவர்கள் சொல்கிற மாதிரியே சொல்லட்டும். ஆனால் மொழிபெயர்ப்பாளர் வருவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் முகவரியை ஆங்கிலத்தில் சொல்லிவிட வேண்டும்.

போன் பூட்டியிருந்தால்?

பூட்டிய திரையிலேயே "எமர்ஜென்சி" என்று இருக்கும். அதைத் தொட்டால் கடவுச்சொல் இல்லாமலே அழைக்கலாம். அந்தச் சொல்லின் உருவத்தை, படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் படம் மாதிரி காட்டிப் பழக்கலாம்.

தெரியாமல் அழைத்துவிட்டால்?

வைத்துவிடக் கூடாது. "சாரி, மிஸ்டேக், நோ எமர்ஜென்சி" என்று சொல்லிவிட்டு வைக்கலாம். சத்தமில்லாமல் வைத்துவிட்டால் ஆபத்து என்று நினைத்துத் திரும்ப அழைப்பார்கள், சில இடங்களில் நேரிலேயே வந்து பார்ப்பார்கள்.

என் மகன் பதற்றத்தில் அப்படியே உறைந்துவிடுவான். எப்படிப் பழக்குவது?

எழுதிப் பழகியதெல்லாம் பதற்றத்தில் மறந்துவிடும். வாய்விட்டுச் சொல்லிப் பழகியதுதான் நிற்கும். அதனால் நான் நோட்டில் எழுதவைப்பதே இல்லை, இரண்டு பழைய போன்களை வைத்து நடித்துப் பார்ப்போம். அணைத்து வைத்த போனில்தான் எண்ணை அழுத்த வேண்டும், இதை மறந்துவிடாதீர்கள்.

ஒன்பது வயதுப் பையன் ஒருவன். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான், ஏனென்றால் போனில் முகம் தெரியாது. நான் "எமர்ஜென்சி, ஹவ் கேன் ஐ ஹெல்ப்?" என்றேன். அவன் "ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ" என்றான்! வகுப்பே சிரித்தது, அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் அவன்மேல் தப்பில்லை. "ஹவ்" என்று யார் தொடங்கினாலும் அதைத்தான் சொல்ல வேண்டும் என்று நாங்களே நூறு தடவை சொல்லவைத்திருக்கிறோம். அதே நூறு தடவையை இதற்கும் கொடுத்தோம். மூன்றாவது வாரம் நான் வேண்டுமென்றே குரலை உயர்த்தி, வேகமாக, குறுக்கே குறுக்கே பேசினேன். காதோடு அழுத்திப் பிடித்திருந்த அவன் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. மூச்சை ஒருமுறை இழுத்துவிட்டு, "ப்ளீஸ் ஸ்பீக் ஸ்லோலி. மை அட்ரஸ் இஸ்" என்று தொடங்கினான்.

அந்த ஒரு மூச்சை இப்போது எல்லாருக்கும் பழக்குகிறேன். பொத்தானை அழுத்தும் முன் ஒரு மூச்சு. மற்றபடி, முகவரியும் பெற்றோர் பெயரும் போன் எண்ணும் பெரிய எழுத்தில் எழுதி, பிள்ளையின் கண் உயரத்தில் ஒட்டிவையுங்கள். பெரியவர்கள் தங்கள் கண் உயரத்தில் ஒட்டிவிடுகிறார்கள்.

கையில் போன் இல்லை, வெளியே தொலைந்துவிட்டாள் என்றால்?

நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். தேடுகிறவர்கள் கடைசியாகப் பார்த்த இடத்துக்குத்தான் முதலில் வருவார்கள். பிறகு, சீருடையில் வேலை செய்பவர் அல்லது குழந்தைகளோடு வந்திருக்கும் ஒரு பெண்ணிடம் "ஐ ஆம் லாஸ்ட். ப்ளீஸ் கால் மை மதர்" என்று கேட்கலாம்.

யாராவது கையைப் பிடித்து இழுத்தால் வெறுமனே கத்தினால் போதாது. பிள்ளை அடம்பிடிக்கிறது, பெற்றவர் இழுத்துப் போகிறார் என்று பார்ப்பவர்கள் நினைத்துவிடுவார்கள். "ஐ டோன்ட் நோ திஸ் மேன்!" என்று கத்த வேண்டும். அமைதியான பிள்ளைகளுக்கு இதுதான் வராது, வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டாவது தொண்டை கிழியக் கத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கூட்டத்தில் யாராவது விழுந்து கிடந்தால் பொதுவாக "ஹெல்ப்" என்பதைவிட, ஒருவரை விரல் நீட்டிக் காட்டி "யூ, ப்ளீஸ் கால் ஆன் ஆம்புலன்ஸ்" என்றால் வேலை நடக்கும். இங்கே விரல் நீட்டுவது மரியாதைக் குறைவு ஆகாது.

சமயோசித புத்தியைச் சொல்லிக்கொடுக்க முடியுமா? அது பிறவியிலேயே வருவதல்லவா?

2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் புக்கெட் தீவில், மைக்காவ் கடற்கரையில் இங்கிலாந்துச் சிறுமி ஒருத்தி பெற்றோரோடு நடந்துகொண்டிருந்தாள். பெயர் டில்லி ஸ்மித், வயது 10. கடல் நுரைத்துக்கொண்டு, பின்வாங்காமல் மேலே மேலே ஏறி வருவதைக் கண்டாள். இரண்டு வாரத்துக்கு முன் புவியியல் வகுப்பில் சுனாமியைப் பற்றிப் படித்தது நினைவுக்கு வந்தது. பெற்றோரிடம் சொன்னாள், முதலில் எடுபடவில்லை. அவள் விடவில்லை, கத்தினாள். கடைசியில் அப்பா அங்கிருந்த காவலாளியிடம் சொல்ல, கடற்கரை காலியானது. அன்று அந்தக் கடற்கரையில் யாரும் சாகவில்லை.

அவளுக்குப் பிறவியில் என்ன இருந்ததோ, இரண்டு வாரத்துக்கு முந்தைய ஒரு பாடம் இருந்தது. பெரியவர்கள் நம்பாதபோதும் திரும்பச் சொல்லும் பிடிவாதம் இருந்தது. முதலாவதை நாம் கொடுக்கலாம். இரண்டாவதை வீட்டில் அடக்காமல் இருக்கலாம்.

உதவி வரும் வரை பிள்ளை என்ன செய்யலாம்?

செய்யக் கூடாதவைதான் அதிகம். கரண்ட் அடித்துக் கிடப்பவரைத் தொடக் கூடாது. தண்ணீரில் மூழ்குபவரைக் காப்பாற்றக் குதிக்கக் கூடாது. மிதக்கும் பொருளை எறியலாம், நீளக் கழியை நீட்டலாம். வலிப்பு வந்தவர் வாயில் எதையும் வைக்கக் கூடாது. கேஸ் நாற்றம் வந்தால் ஸ்விட்சைத் தொடக் கூடாது, வெளியே போய்த்தான் போன் செய்ய வேண்டும். வீட்டில் தீ என்றால் முதலில் வெளியேற வேண்டும், பொம்மையை எடுக்கக்கூட உள்ளே திரும்பக் கூடாது. புகை இருந்தால் தவழ்ந்து போக வேண்டும்.

செய்ய வேண்டியது ஒன்று. சூடு பட்டால் குழாயைத் திறந்து சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம்.

இதையெல்லாம் பேசினால் பிள்ளை பயந்துவிடாதா?

சிலர் இரண்டு நாள் பயப்படுவார்கள். எட்டு வயதுப் பெண் ஒருத்தி, "அப்போ அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமா?" என்று கேட்டுவிட்டு அழுதாள். ஆகாது என்று நான் சொல்லவில்லை. "ஆனால் நீ என்ன செய்வாய், சொல்" என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே முகவரியைச் சொன்னாள், மாடி, கதவு எண் வரை.